யாருடைய ஏட்டில் பெயர்: சென்னை ஆலைகளும் நிரந்தர வேலையின் வரலாறும்

ஒருவருக்கு வேலை கிடைத்திருக்கிறது என்ற செய்தி வந்தால், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே அது நிரந்தரமா, கான்ட்ராக்டா என்று விசாரிப்பது தமிழ்நாட்டுக் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. பெண் கொடுக்கும் பேச்சிலும் வங்கியில் கடன் கேட்கும் இடத்திலும் இந்தக் கேள்வி தவறாமல் எழுகிறது. இப்பாகுபாடு தொன்றுதொட்டு வருவது போலத் தோன்றினாலும், தனியார் ஆலைகளைப் பொறுத்தவரை அது நூறு ஆண்டுகளுக்குள் உருவான ஒன்று. அந்த நூறு ஆண்டுகளிலும் பாதிக் காலம்தான் அது முழு வலுவோடு இருந்தது. அதற்கு முன் தொழிலாளியின் பெயர் மேஸ்திரியின் கையில் இருந்தது. பின்னர் வேலைநிறுத்தங்கள், வழக்குகள், சட்டங்கள் ஆகியவற்றின் வழியே அது கம்பெனியின் வருகைப் பதிவேட்டுக்கு, அதாவது ஆலைக்காரர்கள் மஸ்டர் ரோல் என்று சொல்லும் ஏட்டுக்கு, மாறியது. 1980களுக்குப் பின் அங்கிருந்து நழுவி ஒப்பந்ததாரரின் ஏட்டுக்குப் போயிற்று. இந்த இடமாற்றத்தைத் தெளிவாகக் காட்டும் இடமாகச் சென்னையின் பெரம்பூர், புளியந்தோப்புப் பகுதியில் இயங்கிய பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளைக் கொள்ளலாம். ஊர் வழக்கில் இரண்டுக்கும் சேர்த்துப் பின்னி மில் என்றே பெயர்.

பின்னி கம்பெனியின் பொறுப்பில் பக்கிங்ஹாம் ஆலை 1876இலும், கர்நாடிக் ஆலை அதையடுத்த சில ஆண்டுகளிலும் தொடங்கின. அதே காலப்பகுதியில் ஹார்வி குழுமம் பாபநாசம், தூத்துக்குடி, மதுரை ஆகிய இடங்களிலும், ஸ்டேன்ஸ் நிறுவனம் கோயம்புத்தூரிலும் நூற்பாலைகளை நிறுவின. இந்த ஆலைகளின் நிர்வாகிகள் ஆங்கிலேயர்கள். தறிக்கும் கதிருக்கும் ஆள் தேடவோ, வந்த ஆளோடு பேசவோ அவர்களுக்கு மொழியும் தெரியாது, ஊரும் தெரியாது. இந்த இடைவெளியில்தான் மேஸ்திரி வளர்ந்தான். பம்பாயில் ஜாபர் என்றும், கல்கத்தாச் சணல் ஆலைகளில் சர்தார் என்றும் அழைக்கப்பட்ட அதே ஆள்தான் சென்னை மாகாணத்தில் மேஸ்திரி: ஆள் சேர்ப்பவன், வேலை கற்றுக்கொடுப்பவன், எந்த எந்திரத்தில் யார் நிற்பது என்று தீர்மானிப்பவன், அபராதத்துக்குப் பரிந்துரைப்பவன், வேண்டாதவனை வெளியே அனுப்புபவன். வேலையில் சேரவும், விடுப்புக்குப் பின் திரும்ப எடுத்துக்கொள்ளப்படவும் அவனுக்கு மாமூல் கொடுக்க வேண்டியிருந்தது. இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய 1929இல் அமைக்கப்பட்ட விட்லி கமிஷன், 1931இல் அளித்த அறிக்கையில் இந்த முறையைக் கடுமையாகக் குறை கூறி, ஆள் சேர்க்கும் அதிகாரத்தை மேஸ்திரிகளிடமிருந்து எடுத்துத் தனி அலுவலர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. எனினும் மேஸ்திரியை வெறும் சுரண்டல்காரனாக மட்டும் பார்ப்பது வரலாற்றைச் சுருக்கிவிடும். ஊரிலிருந்து வந்தவனுக்கு முதல் மாதக் கடனும், தங்க இடமும், நோய்ப்பட்டால் மாற்றாளும் ஏற்பாடு செய்தவன் அவனே. கம்பெனிக்கு அந்தப் பொறுப்புகள் எதுவும் இல்லை என்பதால்தான் அவனுக்கு அவ்வளவு செல்வாக்கு இருந்தது.

ஆளைப் பிடித்துத் தரும் இடையாளின் அதிகாரம் தேயிலை, காப்பித் தோட்டங்களில் இதைவிடத் துலக்கமாகத் தெரிந்தது. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து இலங்கைக்கு ஆள் கூட்டிப்போன கங்காணி, கூட்டிப்போனவர்களின் பெயரில் கடனை ஏற்றி வைத்திருப்பான். அந்தக் கூட்டம் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், எவ்வளவு கடனைத் தீர்த்தால் விடுவிக்கப்படுவார்கள் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். துண்டு என்று அழைக்கப்பட்ட அந்தச் சீட்டு கைமாறும்போது கடனும் ஆளும் சேர்ந்தே கைமாறினர். இலங்கையில் 1921இன் தொழிலாளர் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. இந்தியாவிலும் 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் ஒன்று இருந்தது. முன்பணம் வாங்கிவிட்டு வேலையை முடிக்காமல் போகும் வேலையாளை நீதித்துறை நடுவர் முன் நிறுத்தி, வேலைக்குத் திரும்பச் செய்யவும், மறுத்தால் மூன்று மாதம் வரை சிறையில் அடைக்கவும் அது வழி செய்தது. வேலையை விட்டுப் போவது குற்றமாகவும், வேலையிலிருந்து நீக்குவது முதலாளியின் இயல்பான உரிமையாகவும் இருந்த அந்தச் சட்டம் 1925இல்தான் நீக்கப்பட்டது. வேலையில் நிலைத்திருப்பது என்ற கருத்து அக்காலத்தில் தொழிலாளிக்கு உரிமையாக அன்றித் தளையாகவே அறிமுகமானது என்பதை இச்சட்டம் காட்டுகிறது.

ஆலைத் தொழிலாளிக்கு அத்தகைய கடன்கட்டு குறைவு. அவனை வாட்டியது நேரம். துணி ஆலைகளில் ஆண்களின் வேலைநேரத்துக்கு 1911ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் முதன்முதலாக ஒரு வரம்பு வைத்தது. அந்த வரம்பே நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம். தூத்துக்குடிக் கோரல் மில்லில் 1908 பிப்ரவரி 27 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம், வ.உ. சிதம்பரனார், சுப்பிரமணிய சிவா ஆகியோரின் துணையோடு நடந்து, சில நாள்களிலேயே கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் பெற்றுத் தந்தது. ஆனால் அந்தப் போராட்டத்துக்குப் பின் நிற்க ஒரு நிலையான அமைப்பு இருக்கவில்லை; தலைவர்கள் சிறைக்குப் போனதும் அது கலைந்தது.

பத்தாண்டுகளுக்குப் பின் பெரம்பூரில் தொடங்கியது வேறு வகை. அங்கே முதலில் எழுந்த குறை கூலியைப் பற்றியதுகூட அன்று. பகல் சாப்பாட்டு நேரத்தைப் பற்றியது. காலை ஆறு மணிக்கு உள்ளே போன தொழிலாளிக்கு நண்பகலில் அரை மணி நேர இடைவேளைதான். அதற்குள் ஆயிரக்கணக்கானோர் தத்தம் பிரிவிலிருந்து வெளியேறி, கை கால் கழுவி, உண்ண இடம் பிடித்து, உண்டு, சங்கு ஊதுவதற்குள் எந்திரத்தின் அருகே திரும்ப வேண்டும். சில நிமிடம் தாமதித்தவருக்குக் கதவு அடைபடும், அரைநாள் கூலியும் போகும். ஆலைக்கு அருகில் கடை வைத்திருந்த கோ. செல்வபதி செட்டியாரும், அவரோடு சேர்ந்து ஸ்ரீவெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பக்தி அமைப்பை நடத்திவந்த கோ. இராமாநுசலு நாயுடுவும் இந்தக் குறைகளை நாள்தோறும் கேட்டுவந்தனர். அடையாற்றில் அன்னி பெசன்ட் அம்மையாருடன் பணியாற்றிய பார்சி அறிஞரான பி.பி. வாடியாவை அவர்கள் அணுகினர். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்வது இதையே. வாடியா தலைவரானார், வெஸ்லி பள்ளி ஆசிரியப் பணியைத் துறந்து ‘தேசபக்தன்’ இதழுக்கு ஆசிரியராகியிருந்த திரு.வி. கலியாணசுந்தரனார் துணைத்தலைவர்களுள் ஒருவரானார். வேண்டுகோள்களுக்குப் பின் நிர்வாகம் சாப்பாட்டு நேரத்தை நாற்பது நிமிடமாக நீட்டியது. பத்து நிமிடம்தான் கூடியது. ஆயினும் மேஸ்திரியைக் கடந்து, தொழிலாளரின் பெயரில் ஒரு சங்கம் நிர்வாகத்தோடு நேராகப் பேசி அதைப் பெற்றது என்பதே அதில் கவனிக்கத்தக்கது.

நிர்வாகத்தின் எதிர்வினை விரைவாக வந்தது. கதவடைப்பு, அதாவது வேலைக்கு வரும் தொழிலாளரை உள்ளே விடாமல் முதலாளியே ஆலையை மூடும் நடவடிக்கை, 1918 முதலே பயன்படுத்தப்பட்டது. 1920 அக்டோபரில் தொடங்கிய நெடிய கதவடைப்பின்போது டிசம்பரில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். அதே வேளையில் கம்பெனி, வாடியாவும் பிறரும் தொழிலாளரை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினர் என்று கூறிச் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, நட்டஈடு கேட்டு, தடையாணையும் பெற்றது. ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி அந்த வழக்கு செல்லத்தக்கதாகவே இருந்தது. இங்கிலாந்தில் தொழிற்சங்கங்களுக்கு 1906இலேயே கிடைத்திருந்த பாதுகாப்பு இந்தியச் சங்கங்களுக்கு இல்லை. வாடியா சங்கத்திலிருந்து விலகுவது என்ற நிபந்தனையோடு 1921 தொடக்கத்தில் சமரசம் ஏற்பட்டது. இந்த வழக்கு ஏற்படுத்திய அதிர்ச்சியால், தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி மத்தியச் சட்டமன்றத்தில் தொழிற்சங்கப் பாதுகாப்புக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அதன் பயனாக 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் உருவாயிற்று. ஏழு பேர் சேர்ந்து விண்ணப்பித்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்றும், தொழில் தகராற்றின்போது ஒப்பந்த மீறலுக்குத் தூண்டியதாகப் பதிவுபெற்ற சங்கத்தின் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்றும் அச்சட்டம் கூறியது.

1921இன் வேலைநிறுத்தம் இந்த வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி. தொழிற்சங்க விழா மலர்களில் அது அரைப் பக்கத்தில் கடந்துபோகப்படுவது வழக்கம். கர்நாடிக் ஆலையில் தொடங்கிய தகராற்றில் பக்கிங்ஹாம் ஆலைத் தொழிலாளரும் ஜூன் 20 முதல் இறங்கினர். ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் வேலைக்குச் சென்றனர். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் அடங்கிய வேலைநிறுத்தத் தரப்பு அவர்களைக் கருங்காலிகள் என்று ஏசியது. வேலைக்குச் செல்வது சங்கத்துக்குத் துரோகம் என்று மட்டுமே அது கண்டது. ஆனால் முந்தைய கதவடைப்பில் பட்டினியையும் கடனையும் மற்றவர்களைவிட அதிகம் சுமந்தவர்கள் ஆதிதிராவிடர்கள். சங்கத்தின் தலைமையில் அவர்களுக்கு இடமில்லை. ஊரில் நிலமோ உறவினர் வீட்டு நெல்லோ கைகொடுக்காத குடும்பங்களுக்கு ஆலைக் கூலி ஒன்றே வாழ்வாதாரம். சேரிக்கு வெளியே சாதி பார்க்காமல் ரொக்கக் கூலி தந்த இடங்களில் ஆலை முதன்மையானது. நீதிக்கட்சியில் இருந்த ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா இந்தத் தொழிலாளரின் தரப்பில் நின்றார்; ஆட்சியிலிருந்த நீதிக்கட்சியின் தலைவர்கள் பலர் வேலைநிறுத்தக்காரர்கள் பக்கம் சாய்ந்தனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன; ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர்; அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. ராஜா நீதிக்கட்சியை விட்டு விலகியதற்கு வழிவகுத்தவற்றுள் இந்த நிகழ்வும் ஒன்று. பின்னர் நிரந்தரம் என்ற தகுதி உருவானபோது, அது எல்லோருக்கும் ஒரே அளவில் கிட்டாமல் போனதன் வேர் இங்கே இருக்கிறது: எந்தப் பிரிவில் யார், எந்தப் பட்டியலில் யார் என்பது தொடக்கம் முதலே சாதியால் பாகுபட்டிருந்தது.

தோல்விக்குப் பின் ஆலை நிர்வாகம் நடைமுறையை மாற்றிக்கொண்டது. பள்ளி, கூட்டுறவுப் பண்டகசாலை, தொழிலாளர் குடியிருப்பு, குறைகேட்கும் நலக்குழு என்று அது ஏற்படுத்திய வசதிகள் அக்கால அறிக்கைகளில் முன்மாதிரியாகப் பேசப்பட்டன. சங்கத்துக்கு மாற்றாகவே நலக்குழு வந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் குடியிருப்பும் பள்ளியும் நடத்தும் கம்பெனி, யார் தன் தொழிலாளி, அவர் எத்தனை ஆண்டு வேலை பார்த்தார், அவருக்கு யார் வாரிசு என்று எழுதி வைத்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது. மேஸ்திரியின் நினைவில் இருந்த செய்திகள் இவ்வாறு அலுவலகக் கோப்புக்கு வந்தன. தொழிலாளியின் மகனுக்கு முன்னுரிமை தரும் வழக்கமும் ஆலைகளில் இப்படியே வேரூன்றிற்று.

நிரந்தரத் தொழிலாளி உருவான அதே வேளையில் அவருக்கு நிழலாகப் பதிலித் தொழிலாளியும் உருவானார். பதிலி என்பவர், மஸ்டர் ரோலில் பெயருள்ள ஒருவர் வராத நாளில் அவர் இடத்தில் நிற்பவர். ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்பாக அவர் ஆலை வாசலுக்கு வந்துவிட வேண்டும். உள்ளே எந்தெந்த எந்திரம் ஆளில்லாமல் நிற்கிறது என்று கணக்கு வெளியே வந்த பிறகுதான், டைம் ஆபீஸ் எழுத்தர் அன்றைக்குத் தேவையான பெயர்களை அழைப்பார். அழைக்கப்படாதவர் வீட்டுக்குப் போவார், அல்லது அடுத்த ஷிப்டின் சங்குவரை தேநீர்க் கடையில் காத்திருப்பார். பதினைந்து, இருபது ஆண்டு பதிலியாகவே இருந்து, தலை நரைத்த பின் நிரந்தரம் பெற்றவர்கள் மதுரையிலும் கோவையிலும் குறைவில்லை. ஆலைகளின் பொற்காலம் என்று நினைவுகூரப்படும் காலத்திலும் வாசலில் ஒரு கூட்டம் நின்றுகொண்டே இருந்தது என்பதை மறந்துவிட்டு இன்றைய நிலையை அளப்பது சரியாகாது.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகள் சட்டங்களின் காலம். 1947இல் இலங்கையைச் சேர்ந்த இடதுசாரித் தலைவர் எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளையின் தலைமையில் பின்னி ஆலைகளில் ஏறத்தாழ நூறு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதே ஆண்டு வந்த தொழில் தகராறுகள் சட்டம், தகராற்றை வாசலில் தீர்ப்பதற்குப் பதிலாகத் தீர்ப்பாயத்தில் தீர்க்கும் வழியைத் திறந்தது. 1953இல் அதில் சேர்க்கப்பட்ட பிரிவுகள், ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தற்காலிகமாக நிறுத்தினால் பாதிக் கூலி தர வேண்டும் என்றும், ஆட்குறைப்புக்கு இழப்பீடு உண்டு என்றும் கூறின. அந்த ஓராண்டுக்கு 240 நாள் என்பதே கணக்கு. ஓராண்டுத் தொடர்ச்சியைக் காட்டிய பதிலியையும் சட்டம் பதிலி என்ற வகையிலிருந்து விடுவித்தது. 1948இன் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது, ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு அதே ஆண்டிலும், பி.எஃப். எனப்படும் வருங்கால வைப்புநிதி 1952இலும், போனஸ் சட்டம் 1965இலும், பணிக்கொடைச் சட்டம் 1972இலும் வந்தன. விலைவாசிக்கேற்பக் கூடும் பஞ்சப்படியும், தீபாவளிக்கு முன் 8.33 சதவீதத்துக்குக் குறையாத போனஸும், ஓய்வின்போது ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி வீதம் கிராஜுவிட்டியும் சேர்ந்த பிறகுதான், மில் வேலை என்பது கூலி வேலை என்ற நிலையிலிருந்து உயர்ந்து, மளிகைக் கடைக்காரர் மாதக்கணக்கில் கடன் எழுதத் தயங்காத வேலையாயிற்று.

கம்பெனி ஏடு இல்லாத தொழில்களுக்கும் இதே காலத்தில் வேறுவகை ஏடுகள் திறக்கப்பட்டன. துறைமுகத் தொழிலாளருக்கு 1948இன் சட்டத்தின்கீழ் அமைந்த வாரியங்கள் பதிவேடு வைத்து, சுழற்சியில் வேலை பங்கிட்டு, வேலை இல்லாத நாளுக்கும் சிறு தொகை தந்தன. பல முதலாளிகளுக்கிடையே அலையும் கூலியாளுக்கு வாரியமே முதலாளிபோல நின்ற ஏற்பாடு அது. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இந்த எண்ணத்தைக் கட்டுமானம் முதலிய பல தொழில்களுக்கு விரித்தது. ஆனால் நலவாரியங்கள் திருமணம், கல்வி, விபத்து ஆகியவற்றுக்கு உதவித்தொகை வழங்கும் இடங்களாக நின்றனவே தவிர, வேலையைப் பங்கிடும் இடங்களாக வளரவில்லை. படித்தவர்களுக்கு வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பு இருந்தது. பல லட்சம் பேர் அதைத் தவறாமல் புதுப்பித்துக்கொண்டு காத்திருந்தனர்.

நிரந்தர வேலைக்கான சட்டப் பாதுகாப்பின் உச்சம் என்று 1981ஆம் ஆண்டின் தமிழ்நாடு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டத்தைச் சொல்லலாம். இருபத்துநான்கு மாதங்களுக்குள் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளியாகிவிடுவார் என்று அது எளிமையாக விதித்தது. சட்டம் தெளிவாக இருந்ததாலேயே அதைத் தாண்டும் வழிகளும் தெளிவாயின: 480ஐ எட்டுமுன் இடையில் சில நாள் ‘பிரேக்’ கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேர்ப்பது, பயிற்சியாளர் என்று பெயரிட்டு ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது, ஒப்பந்ததாரரின் ஆளாகக் காட்டுவது ஆகியவை ஆலைதோறும் பழக்கமாயின.

மறுபுறம், அந்தச் சட்டத்தால் பயனடைந்திருக்க வேண்டிய பெரிய ஆலைகளே அப்போது தளர்ந்துகொண்டிருந்தன. நூற்பு, நெசவு, சாயம் அனைத்தையும் ஒரே மதிலுக்குள் செய்த கூட்டாலைகளைவிட மலிவாக, நூலை மட்டும் நூற்கும் சிற்றாலைகளும், ஈரோடு, சேலம், பல்லடம் பகுதிகளின் விசைத்தறிக் கூடங்களும் துணி தந்தன. பத்து தறிக்குக் குறைவான கூடங்களில் பெரும்பாலும் இச்சட்டங்கள் எதுவும் நுழையவில்லை. திருப்பூர்ப் பனியன் தொழிலில் 1984இல் பஞ்சப்படிக்காக நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது; அதன் பின் வளர்ந்த ஏற்றுமதித் தொழில், வெட்டு, தையல், செக்கிங், அயர்ன் என்று வேலையைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் பீஸ் ரேட் கணக்கில் கான்ட்ராக்டரிடம் விட்டது. சென்னையில், பதினாயிரம் பேருக்கு மேல் வேலை செய்திருந்த பின்னி ஆலைகள் 1996இல் நிரந்தரமாக மூடப்பட்டன. தறிகள் அகற்றப்பட்ட அந்தக் கூடங்கள் பல ஆண்டுகள் திரைப்படச் சண்டைக் காட்சிகளுக்கான களமாகப் பயன்பட்டன. பின்னர் நிலம் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போயிற்று.

ஒப்பந்தத் தொழிலாளர் முறையை ஒழுங்குபடுத்தவும் ஒழிக்கவும் 1970இல் மத்தியச் சட்டம் வந்திருந்தது. அதன்படி வேலை நடக்கும் நிறுவனம் முதன்மை வேலையளிப்பவராக இருந்தது. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் அதைத் தரும் பொறுப்பு அதற்கு இருந்தது. நிலையாக நடக்கும் வேலையில் ஒப்பந்த முறையை அரசு தடை செய்தால், அதிலிருந்த தொழிலாளர் தாமாகவே நிறுவனத்தின் தொழிலாளர் ஆகிவிடுவார்கள் என்று உச்சநீதிமன்றம் 1996இல் கூறியது. இந்திய உருக்கு ஆணையம் தொடர்பான வழக்கில் 2001இல் அதே நீதிமன்றம் அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டது. ஒப்பந்தம் வெறும் போலி என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிறுவினால் ஒழியத் தாமாக இடம் கிடைக்காது என்பதே அதன் பின் நிலை. கையில் கேட் பாஸ் ஒன்றைத் தவிர வேறு ஆவணம் இல்லாத தொழிலாளி அதை எப்படி நிறுவுவார் என்பதே கேள்வி. இந்தியாவின் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தில் ஒருவராக இருந்த ஒப்பந்தத் தொழிலாளர், இன்று ஐந்தில் இருவராகியிருக்கின்றனர். இதில் அரசும் விலக்கல்ல. தமிழ்நாடு மின்வாரியத்தின் ஒப்பந்தத் தொழிலாளர் 18,006 பேரை நிரந்தரமாக்க நீதிபதி காலித் கமிஷன் 1990களின் தொடக்கத்தில் பரிந்துரைத்தது ஒரு காலம். மதுக்கடை ஊழியர்களையே 2003 முதல் தொகுப்பூதியத்தில் எடுத்தது அடுத்த காலம். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் இரண்டு மண்டலங்களில் தூய்மைப் பணி தனியாரிடம் விடப்பட்டபோது, மாநகராட்சியின்கீழேயே தொடர வேண்டும் என்று கோரித் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் பதின்மூன்று நாள் அமர்ந்தனர். அந்த மண்டலங்களில் ஒன்றின் பெயர் திரு.வி.க. நகர்.

நூற்பாலைகளில் ஆண் தொழிலாளரின் நிரந்தர இடங்கள் மறைந்த வேகத்தில் பெண்கள் வந்தனர். தொடக்ககால ஆலைகளிலும் பெண்கள் இருந்தனர். இரவுப் பணித் தடையாலும், ஆட்குறைப்பில் முதலில் அவர்களையே நீக்கிய வழக்கத்தாலும் அவர்கள் குறைந்துபோயிருந்தனர். 1990களில் தொடங்கிய சுமங்கலித் திட்டம், மணமாகாத இளம்பெண்களை ஆலை விடுதியில் தங்கவைத்து, மூன்றாண்டு முடிவில் திருமணச் செலவுக்கென்று முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என ஒரு தொகை தருவதாகக் கூறியது. ஆள்பிடிக்கும் தரகர் ஊருக்கு வந்து பெற்றோரிடம் பேசுவார். மூன்றாண்டு முடியுமுன் நோயாலோ வேறு காரணத்தாலோ வெளியேறிய பெண்ணுக்கு அந்தத் தொகை கிடைப்பது அரிது. 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் பெண்களின் இரவுப் பணித் தடையைப் பாகுபாடு என்று கூறி, பாதுகாப்பு நிபந்தனைகளோடு நீக்கியது. கொள்கையளவில் சரியான அத்தீர்ப்பு, மூன்று ஷிப்டிலும் விடுதிப் பெண்களை நிறுத்த ஆலைகளுக்கு வழியையும் திறந்துவிட்டது. 2006 முதல் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி செய்த நோக்கியா ஆலை பல்லாயிரம் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் வேலை தந்து, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. பெற்றோர் பின்னி மில்லில் முப்பது ஆண்டு கழித்திருக்கக்கூடிய ஊரில், பிள்ளைகளின் ஆலையே எட்டு ஆண்டில் முடிந்தது.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம், வார வரம்பான 48 மணி நேரத்துக்குள் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க ஆலைகளுக்கு விலக்களிக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்ததால் மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டது. 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் செப்டம்பர் 9 முதல் முப்பத்தேழு நாள் நடத்திய வேலைநிறுத்தத்தில் கூலியோடு முன்னின்ற கோரிக்கை, 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தங்கள் சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது; பதிவு 2025 ஜனவரியில்தான் கிடைத்தது.

உணவு கொண்டுசெல்வோர், வாடகை வண்டி ஓட்டுவோர் முதலிய செயலிவழித் தொழிலாளருக்கு மேஸ்திரியின் வேலையைக் கைப்பேசிச் செயலி செய்கிறது: யாருக்கு எந்த ஆர்டர், யாருக்கு எவ்வளவு ஊக்கத்தொகை, யாருடைய ஐடியை முடக்குவது என்பதை அது தீர்மானிக்கிறது. வித்தியாசம், மேஸ்திரியிடம் கெஞ்சவோ சண்டை போடவோ முடிந்தது. கம்பெனிகளின் பார்வையில் இவர்கள் ஊழியர் அல்லர், கூட்டாளிகள். தமிழ்நாடு 2023 டிசம்பரில் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இவர்களுக்குத் தனி நலவாரியம் அமைத்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு மத்தியத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், குறித்தகால ஒப்பந்த ஊழியருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை என்று பழைய ஐந்தாண்டு வரம்பைத் தளர்த்தியுள்ளன. செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பாதுகாப்பு நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றும் கூறியுள்ளன. ஆனால் செயலிவழித் தொழிலாளரைப் பற்றிய இந்த விதிகள் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில்தான் உள்ளன. கூலியை வரையறுக்கும் தொகுப்பிலும், சங்கம், வேலைநீக்கம், தகராறு ஆகியவற்றை ஆளும் தொகுப்பிலும் அவர்களுக்கென்று இடம் வைக்கப்படவில்லை. விபத்து உதவிக்கு விண்ணப்பிக்க அவர்களுக்கு ஏடு உண்டு. நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கேட்க, 1918இல் பெரம்பூர்த் தொழிலாளருக்கு இருந்தது போன்ற ஆலை வாசல்கூட அவர்களுக்கு இல்லை.